கிப்ஸன் லெஸ் பாலா, எபிஃபோன் லெஸ் பாலா? நான்கு மடங்கு காசு எங்கே போகிறது

கிப்ஸன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் 50ஸ் என்ற மின்கிட்டார் 2019இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 2,499 டாலர். அதே வடிவம், அதே நான்கு குமிழ், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதே இரண்டு ஹம்பக்கர் பிக்கப் கொண்ட எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் 50ஸ் மறுவருடம் 599 டாலருக்கு வந்தது. அதற்குப் பிறகு இரண்டும் விலை ஏறிவிட்டன. ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கு மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அந்த மூன்று மடங்கு கூடுதல் காசு கிட்டாரின் எந்தெந்தப் பாகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்பதில் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் ஒன்று. எபிஃபோனை டூப்ளிகேட் என்று ஒதுக்குவது நியாயமில்லை. லெஸ் பால் என்ற கலைஞர் 1940 வாக்கில் 4க்கு 4 அங்குலப் பைன் கட்டையில் கம்பி கட்டி, உள்ளே பொந்தில்லாத மின்கிட்டார் ஒன்றைச் செய்து பார்த்தார். அதைச் செய்த இடம் நியூயார்க்கில் இருந்த எபிஃபோன் தொழிற்சாலை. கிப்ஸன் நிறுவனம் அப்போது அந்த யோசனையை ஏற்கவில்லை. 1952இல்தான் அவர் பெயரில் கிட்டார் போட்டது. 1957இல் எபிஃபோனையே விலைக்கு வாங்கியது. ஆக, இரண்டும் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று அமெரிக்காவில் நாஷ்வில்லில் பிறக்கிறது, மற்றது சீனாவில்.

மரத்திலிருந்து தொடங்கலாம். இரண்டிலும் உடல் மஹோகனி, மேலே மேப்பிள் மூடி, கழுத்து மஹோகனி. ஆனால் கிப்ஸனில் நீங்கள் பார்க்கும் வரிவரியான மேப்பிள்தான் அந்த முழு மூடியும். நடுவில் ஒட்டிய இரண்டு தடித்த பலகைகள். எபிஃபோனில் மூடி சாதாரண மேப்பிள், அதன் மேல் வரியுள்ள மெல்லிய வெனியர் ஒட்டியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கிப்ஸனின் வரிகள் ஆழத்திலிருந்து நகர்வது போலத் தெரியும். இது கண்ணுக்கான காசு, காதுக்கு இதில் ஒன்றுமில்லை. எடை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 50ஸ் மாடலில் உள்ளே குடைவதில்லை என்பதால் 4 கிலோவைத் தாண்டுவது சகஜம், 4.5 கிலோவும் வரும். இரண்டு மணி நேரம் நின்று வாசிக்கிறவர் தராசில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். தோளில் மாட்டும் பட்டை 7 செ.மீ. அகலமாவது இருக்கட்டும்.

கழுத்தில்தான் முதல் உண்மையான வித்தியாசம் வருகிறது. கிப்ஸன் 50ஸ் கழுத்து உள்ளங்கை நிறையும் அளவுக்குத் தடிமன். எபிஃபோனின் 50ஸ் அதே பெயரில் வந்தாலும் சற்று ஒல்லி. சின்னக் கைக்காரர்கள் இரண்டு கம்பெனியிலும் ஒல்லிக் கழுத்துள்ள 60ஸ் மாடலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கட்டை விரலை மேலே கொண்டுவந்து தடித்த ஈ (E) கம்பியை அழுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பிறகு, லெஸ் பாலின் பெயர்போன பலவீனம்: கழுத்தின் நுனியில் கம்பி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் முறிவு. கிப்ஸனில் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். கழுத்தும் ஹெட்ஸ்டாக்கும் ஒரே மஹோகனித் துண்டில் அறுக்கப்படுவதால், சாயும் இடத்தில் மரத்தின் நரம்புகள் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். போதாததற்கு, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடின் முனையைத் திருக, கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் துண்டான நட்டுக்குச் சற்று மேலே ஒரு பள்ளமும் தோண்டியிருப்பார்கள். மரம் மிக மெலிந்து நிற்பது அங்கேதான். ஸ்டாண்டிலிருந்து பின்பக்கமாக மல்லாந்து விழுந்தால் போதும், மொளுக்கென்று போய்விடும். எபிஃபோனில் சாய்வு குறைவு. பல மாடல்களில் ஹெட்ஸ்டாக் தனித்துண்டாக ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டு என்றால் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் சரியாக ஒட்டிய சாய்வு இணைப்பில் நரம்புகள் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடுவதால், அந்த இடத்தில் அதுதான் உறுதி. விலை குறைந்தது இங்கே ஒரு படி மேலே நிற்கிறது என்றே சொல்வேன்.

விரல் பலகையைப் பற்றிச் சொல்லும்போது நம் மலைக்கு வந்தாக வேண்டும். கிப்ஸனில் இருப்பது ரோஸ்வுட்; மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்கிற மரம் அந்தக் குடும்பத்தில் பெயர்பெற்றது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்ஸன் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டதில் இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளும் சிக்கின. மறு ஆண்டு 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி அந்த வழக்கைக் கம்பெனி முடித்துக்கொண்டது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் விலை குறைந்த கிட்டார்கள் பலவும் வேறு மரத்துக்கு மாறின. எபிஃபோன் பிடித்தது இந்தியன் லாரல். வேறொன்றுமில்லை, நம்மூர்க் கருமருதுதான். அது வாங்கும்போது வெளிறி, உலர்ந்து, சாம்பல் பூத்தது போல இருப்பதால் பலர் மட்டமான மரம் என்று நினைத்துவிடுகிறார்கள். கடினத்தில் குறையில்லை. விரல் பலகைக்கென்று விற்கும் லெமன் ஆயிலை நாலைந்து சொட்டு துணியில் விட்டுத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தை ஒற்றி எடுத்தால் நிறம் ஈட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை போதும்.

அடுத்தது ஃப்ரெட், அதாவது விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள். மூன்று மடங்கு காசில் பெரிய பங்கு போவது இங்கே என்பது என் கணிப்பு. கிப்ஸன் ஒவ்வொரு கிட்டாரையும் பிளெக் என்ற எந்திரத்தில் ஏற்றி, கம்பி இழுவிசையோடு கழுத்தின் வளைவை அளந்து ஃப்ரெட்டுகளை மட்டம் செய்கிறது. விரல் பலகையின் ஓரத்தில் ஓடும் பார்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒவ்வொரு ஃப்ரெட் நுனியிலும் குட்டியாக மேலேறி அதை மூடி நிற்கும். கையை மேலும் கீழும் ஓட்டினால் வழுவழுவென்று போகும். எபிஃபோனில் ஃப்ரெட் பார்டருக்கு மேலேயே ஓடி முடியும். நன்றாக உருட்டியிருந்தால் அதுவும் சுகம்தான். உருட்டாமல் விட்டது கையில் வந்தால் அரம் மாதிரி அறுக்கும். ஒரே கடையில் ஒரே நிற எபிஃபோன் மூன்று இருந்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். ஆகவே எபிஃபோனில் மாடலைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடியாது, அந்தக் குறிப்பிட்ட கிட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? முதலில் ட்யூன் செய்யுங்கள். தளர்ந்த கம்பியில் பார்ப்பது எதுவும் உண்மை சொல்லாது. தடித்த ஈ கம்பியை 1ஆம் ஃப்ரெட்டிலும் 17ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். கால் மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது, அரை மி.மீ.யைத் தாண்டினால் முன்னால். இரண்டையும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருகிச் சரிசெய்யலாம். திருகியும் அசையவில்லை, அல்லது ராட் ஏற்கெனவே முழுக்க இறுகிக் கிடக்கிறது என்றால் அந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம்: தடித்த ஈ 2 மி.மீ., மெல்லிய ஈ 1.2 முதல் 1.5 மி.மீ. வரை. இதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டுங்கள். அலுப்புப் படாமல் 132 இடத்தையும்.

எங்காவது ‘ஜ்ர்ர்’ என்று வந்தால் பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை எடுங்கள், எழுத்துப் புடைக்காத கார்டாக. அதன் விளிம்பைக் கம்பிகளுக்கு நடுவே விட்டு மூன்று ஃப்ரெட்டுகள் மேல் நிற்க வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். 4ஆம் ஃப்ரெட் வரை கார்டின் நீளப் பக்கம், 5 முதல் 12 வரை குட்டைப் பக்கம், அதற்கு மேல் 4 செ.மீ. துண்டாக வெட்டியது, 17க்கு மேல் 3 செ.மீ. துண்டு. கார்டு நடு ஃப்ரெட்டில் தட்டி ‘டிக் டிக்’ என்று ஊஞ்சலாடினால் அந்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. ஒன்றிரண்டு என்றால் அடித்து உட்கார வைக்கலாம், அல்லது அதை மட்டும் தேய்த்துவிடலாம். ஐந்தாறு இடத்தில் ஆடினால் எல்லா ஃப்ரெட்டையும் மட்டம் செய்ய வேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்து விலையைக் கணக்கிடுங்கள், அல்லது பக்கத்திலிருப்பதை எடுங்கள்.

ஜி கம்பி ட்யூனில் நிற்கவில்லை என்ற புகார் இரண்டு கம்பெனிக்கும் பொது. காரணம் ட்யூனர் (கம்பி முறுக்கும் திருகு) என்று நினைத்து அதை மாற்றுகிறவர்கள் அதிகம், காசு வீண். ஹெட்ஸ்டாக்கில் பக்கத்துக்கு மூன்றாக ட்யூனர் இருப்பதால், நடுவிலிருக்கும் டி, ஜி இரண்டும் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாக விலகிப் போகின்றன. நட்டில் கம்பி உட்காரும் காடி இறுக்கமாக இருந்தால் கம்பி அங்கே கடிபட்டு நிற்கும். மெதுவாக ட்யூன் ஏற்றும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு சுருதி எகிறினால் நட்தான் குற்றவாளி. காடியைக் கம்பியைவிட ஒரு மயிரிழை அகலமாக நட் அரத்தால் திறந்து, பின்முனையை ட்யூனர் பக்கமாகச் சாய்த்துவிட வேண்டும். ஆழப்படுத்தக் கூடாது. இப்போதைக்கு ஒப்பேற்ற, மென்மையான பென்சிலின் கரியைக் காடியில் தேய்த்தாலே பாதி குணம் தெரியும். 10-46 தடிமன் கம்பிச் செட்டுக்கு வெட்டிய நட்டில் இன்னும் தடித்த 11 செட் மாட்டினால் இந்தத் தொல்லை திரும்ப வரும்.

இனி சத்தம். கிப்ஸனில் இருப்பவை பர்ஸ்ட்பக்கர் 1, 2. எபிஃபோனில் புரோபக்கர் 1, 2. இரண்டுமே கிப்ஸன் பொறியாளர் செத் லவர் வடிவமைத்து 1957இல் லெஸ் பாலில் ஏறிய பழைய ஹம்பக்கரைப் பின்பற்றியவை. இரண்டிலும் ஆல்நிகோ 2 காந்தம். பெரிய வேறுபாடு மெழுகில். பர்ஸ்ட்பக்கரைக் கம்பெனி மெழுகில் முக்குவதில்லை. சுருள்கள் நுண்மையாக அதிர விடுவதால் சத்தத்தில் ஒரு காற்றோட்டம் வரும். அதே காரணத்தால் டிஸ்டார்ஷனை (சத்தத்தைக் கரகரக்க வைப்பதை) ஏற்றி ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) பக்கம் நின்றால் கீச்சென்று கத்தும். புரோபக்கர் மெழுகில் முக்கியது, அந்தத் தொல்லை குறைவு. மெட்டல் வாசிக்கிறவருக்கு எபிஃபோனின் பிக்கப்பே வசதி.

டிஸ்டார்ஷனில் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வது கஷ்டம். வித்தியாசம் தெரியும் இடம் ஒன்று உண்டு. ஆம்ப்பின் சத்தம் சற்று உடைந்து கரகரக்கும் அளவில் வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழை 10இலிருந்து 5க்குக் குறையுங்கள். கிப்ஸனில் மேல்சுருதிகள் தெளிவாக நிற்கும். எபிஃபோனில் போர்வை போர்த்தியது போல மங்கக்கூடும். அப்படி மங்கினால் பிக்கப்பை மாற்ற ஓடாதீர்கள். வால்யூம் குமிழின் அடியிலுள்ள ‘பாட்’ என்ற மின்பாகத்தில் மூன்று கால்கள்: பிக்கப் வரும் கால், வெளியே போகும் நடுக்கால், பூமிக்கால். டோன் கப்பாசிட்டர் பிக்கப் வரும் காலில் பற்ற வைத்திருந்தால் அது புதிய முறை வயரிங். அந்த ஒரு காலை எடுத்து நடுக்காலில் பற்றவைத்தால் 50களின் வயரிங். ஒரு பிக்கப்புக்கு ஒரு இணைப்புதான், பத்து நிமிட வேலை. குமிழைக் குறைத்தாலும் பிரகாசம் போகாது. பதிலுக்கு, டோனைத் திருகினால் வால்யூமும் லேசாக அசையும்.

கடையில் வயரிங்கைச் சோதிக்க ஒவ்வொரு குமிழையும் கோடியிலிருந்து கோடிக்குத் திருகுங்கள், ஜாக்கில் கேபிளை ஆட்டுங்கள், பிக்கப் மாற்றும் சுவிட்சை இருபது தடவை மாற்றுங்கள். எபிஃபோனில் முதலில் சோர்வது ஜாக்கும் சுவிட்சும். ஸ்விட்ச்கிராஃப்ட் கம்பெனியின் ஜாக் ஒன்று போட்டால் அந்தக் கவலை தீரும். சுவிட்சை நடுவில் வைத்து ஒரு வால்யூமை மட்டும் பூஜ்யமாக்கினால் இரண்டு பிக்கப்பும் அடங்கிவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம், லெஸ் பால் வயரிங் அப்படித்தான்.

பெயரைக் காதால் கேட்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது: கன்ஸ் அண்ட் ரோசஸ் என்ற ராக் குழுவின் 1987 முதல் ஆல்பத்தில் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் வாசித்த லெஸ் பால் கிப்ஸன் செய்தது இல்லை, கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த நகல். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே கிப்ஸன் வாங்கியது.

பாலிஷ் விஷயம் சுருக்கமாக. கிப்ஸன் மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு. மெல்லியது, காலப்போக்கில் மஞ்சள் ஏறி அழகாக முதிரும், எளிதில் கீறும். புழுக்கமான கடலோர ஊரில் வியர்வைக் கை படப்பட கழுத்து பிசுபிசுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தே வைக்க வேண்டும். ஸ்டாண்டின் ரப்பர், நுரைப் பட்டைகள் நைட்ரோவைக் கரைத்துத் தழும்பு போட்டுவிடும் என்பதால் பருத்தித் துணி சுற்றி வையுங்கள். எபிஃபோனின் பாலியூரிதேனுக்கு இந்தச் செல்லமெல்லாம் தேவையில்லை.

பின்னால் கிப்ஸன் பாகங்களைப் போட்டு மேம்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் எபிஃபோன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகங்கள் அப்படியே பொருந்தாது. எபிஃபோனில் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் தூண்கள் மெட்ரிக் மரை, கிப்ஸனுடையவை அங்குல மரை. பழைய எபிஃபோன்களில் சிறிய பாட்கள். பெரிய பாட் போட ஓட்டையை 8 மி.மீ.யிலிருந்து 9.5 மி.மீ.க்குப் பெரிதாக்க வேண்டும், குமிழின் பற்களும் சேராது. 2020க்குப் பிறகு வந்தவற்றில் சிடிஎஸ் கம்பெனியின் பெரிய பாட்களே இருப்பதால் அந்த வேலை மிச்சம். செலவழிப்பதென்றால் முதலில் ஃப்ரெட், பிறகு நட், பிறகு ஜாக். பிக்கப் கடைசியில்.

பழையது வாங்கும் யோசனை இருந்தால் கிப்ஸன் பக்கம் சாய்வதில் அர்த்தம் உண்டு, விற்கும்போதும் விலை நிற்கும். 2015 மாடல்களில் தானாக ட்யூன் செய்யும் மோட்டாரும் பித்தளை நட்டும் அகலக் கழுத்தும் வந்தன. பலருக்குப் பிடிக்கவில்லை, அதனால் மலிவாகக் கிடைக்கும். அகலக் கழுத்து ஒத்துவருகிறவர் மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சாதாரண ட்யூனர் போட்டுக்கொள்ளலாம். போலிகளும் நிறைய உலவுகின்றன. ட்ரஸ் ராட் மூடியில் கிப்ஸனுக்கு இரண்டு திருகுதான். மூன்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஃப்ரெட் நுனியை மூடும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ்களும் போலியில் பெரும்பாலும் இருக்காது. ஃப்ரெட் மாற்றிய அசலிலும் இருக்காது என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்மூடியைக் கழற்றிக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

முதல் லெஸ் பால் வாங்குகிறவருக்கும், வாரம் ஒரு கச்சேரி வாசிக்கிறவருக்கும் நான் சொல்வது எபிஃபோன்தான். கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, அதன் விலையில் ஆறில் ஒரு பங்கைச் செட்டப்புக்கு, அதாவது ஃப்ரெட், நட், கம்பி உயரம் சரிசெய்ய, ஒதுக்கி வைத்து. பட்ஜெட் கொஞ்சம் தாராளமென்றால் எபிஃபோனின் 1959 மாடல். அதில் கிப்ஸனின் பிக்கப்களே இருக்கின்றன. ஹெட்ஸ்டாக்கில் கிப்ஸன் பெயர் வேண்டும், பளபளப்பு வேண்டாம் என்பவருக்கு லெஸ் பால் ட்ரிப்யூட் உண்டு. கழுத்து மேப்பிள் என்பதால் முறியும் பயமும் குறைவு. முழு விலை கொடுத்து ஸ்டாண்டர்ட் 50ஸ் எடுக்க வேண்டியவர், வால்யூம் குமிழை ஐந்தில் வைத்து வாசிக்கத் தெரிந்தவர், அந்தத் தடித்த கழுத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேறெதிலும் மனம் ஒட்டாதவர். அவருக்கு அந்தக் காசு வீணில்லை.

எதை வாங்கினாலும் பார்சலில் வருகிறதென்றால் கம்பிகளை இரண்டு சுருதி தளர்த்தி, பெட்டிக்குள் ஹெட்ஸ்டாக்கின் முன்னும் பின்னும் ஆடாதபடி துணி திணித்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் முதலில் நட்டுக்குப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு குறுக்கே ஓடினால் ட்யூன் ஏற்றாமல், அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாமல், படமெடுத்து அன்றைக்கே கடைக்கு அனுப்புங்கள். கம்பியை இழுத்த பிறகு விரிந்த கோட்டுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் வாங்கியவர் பக்கம் நிற்க ஆள் இருக்காது.